பழைய ஹேம் ரேடியோ செட் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தைக் கோத்தா திங்கி, சிகாமட் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களில் மறுபடியும் தண்ணீர். வெள்ளத்தில் மின்சாரம் போனால் முதலில் கைப்பேசியின் சார்ஜ் தீரும். கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தால் சிக்னலே இருக்காது. அந்த நேரத்தில் ஒரு கார் பேட்டரியை வைத்தே நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரிடம் பேசக்கூடிய கருவி ஒன்று உண்டு. அதுதான் ஹேம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி.

இதில் ஆர்வம் வந்த நம் இளைஞர்கள் பலர் முதலில் தேடுவது புது செட் அல்ல, பழைய செட்தான். குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி என்றிருக்கும் நாட்டில் புது ஜப்பான் செட் ஒன்றின் விலை பலருக்கு எட்டாது. பழைய பொருள் சந்தையிலோ, இணையத்திலோ, காலமான ஒருவரின் வீட்டு அலமாரியிலிருந்தோ ஒரு செட் கண்ணில் படுகிறது. “போன மாசம் வரைக்கும் வேலை செஞ்சது” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

வாங்கலாம். முப்பது ஆண்டு ஓடிய நல்ல செட், இன்றைய மலிவு கைக்கருவியை விட நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் உரிமம், அடுத்து ஆண்டெனா போட இடம், அதன் பிறகுதான் செட். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

உரிமம் இல்லாமல் கையில் எடுக்காதீர்கள்

நம் நாட்டில் அலைவரிசைகளைக் கவனிப்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. எம்சிஎம்சி நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறிய பிறகு, நிலையத்துக்கான ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போதுதான் உங்களுக்கென ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். பி வகுப்பினரின் குறி 9டபிள்யூ என்றும், ஏ வகுப்பினரின் குறி 9எம் என்றும் தொடங்கும். அடுத்து வரும் எண் இடத்தைக் காட்டும். தீபகற்பத்துக்கு 2, சபாவுக்கு 6, சரவாக்குக்கு 8. 2007 அக்டோபரில் விண்வெளிக்குப் போன நம் அங்காசாவான் டாக்டர் ஷேக் முசாபரும் ஒரு ஹேம்தான். அவருடைய குறி 9டபிள்யூ2எம்யூஎஸ்.

செட் வாங்குவதோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. எந்த அலைவரிசையில், எத்தனை வாட் சக்தியில் பேசலாம் என்பது உங்கள் வகுப்பைப் பொறுத்தது. உரிமத்தோடு வரும் பட்டியலைப் படிக்காமல் சிற்றலை செட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகு அந்த அலைவரிசையில் பேச அனுமதி இல்லை என்று தெரிந்தால் செட் அலமாரியில்தான் தூங்கும்.

இங்கு விற்கப்படும் ரேடியோ கருவிகளுக்கு சிரிம் சான்று தேவை. செட்டின் பின்புறத்தில் அந்த ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதை உங்கள் பெயரில் பதிய முடியுமா என்று எம்சிஎம்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுங்கள். ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சபலமும் உண்டு. பாலம் தாண்டினால் சிங்கப்பூர், அங்கே நல்ல நிலையில் பழைய செட்கள் கிடைக்கும். ஆனால் ரேடியோ கருவி இறக்குமதிக்கு முன் அனுமதி வேண்டும். பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்துவிடலாம் என்று நினைத்தால், சுங்கச் சாவடியில் செட்டும் போகும், அன்றைய பொழுதும் போகும். நம் உரிமத்தை வைத்து அங்கே போய்ப் பேசவும் முடியாது. அதற்கு அந்நாட்டு அனுமதி தனி.

எந்த வகை செட்?

டிரான்ஸ்சீவர் என்பது அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே பெட்டியில் செய்யும் கருவி. பழைய சந்தையில் அகப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதல் வகை, இரண்டு மீட்டர் எனப்படும் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான செட். காரில் பொருத்தும் அளவில் இருக்கும். நேராகப் பேசினால் பக்கத்து ஊர் வரை எட்டும். மலை உச்சியில் உள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேசினால் பல மாவட்டங்களைத் தாண்டும். வெள்ளக் காலத்தில் உள்ளூர் உதவிக்கு ஏற்றது இதுதான். இரண்டாவது வகை சிற்றலை செட். வானின் அயனிமண்டலத்தில் அலை பட்டுத் திரும்புவதால் சென்னையோடும் பேசலாம், சிட்னியோடும் பேசலாம். விலையும் அதிகம், தொல்லையும் அதிகம்.

முதல் செட் வாங்குபவருக்கு என் பரிந்துரை, 1990களின் இறுதியிலும் 2000களிலும் வந்த இரண்டு மீட்டர் கார் செட். ஐகாம் ஐசி-2100எச், ஐசி-2200எச், யாயெசு எஃப்டி-2800எம் போன்றவை கனமான வார்ப்பு உலோக உடலோடு வந்தவை. 55, 65 வாட் வரை கொடுக்கும். பழுது பார்ப்பவர்களுக்கும் பழகிய செட்கள்.

அதற்கு முந்திய இரண்டு மீட்டர் செட்களில் ஒரு சிக்கல் உண்டு. பல ரிப்பீட்டர்கள், காதுக்குக் கேட்காத ஒரு டோனையும் சேர்த்து அனுப்பினால்தான் திறக்கும். 1980களில் வந்த பல செட்களில் இந்த டோன் போர்டு தனியாக வாங்கிப் பொருத்த வேண்டிய ஒன்று. முதலில் வாங்கியவர் அதைப் பொருத்தாமல் விட்டிருந்தால், உங்களுக்கு எல்லோர் பேச்சும் கேட்கும், உங்கள் பேச்சு மட்டும் யாருக்கும் கேட்காது.

ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்த செட்களும் இங்கே நிறைய வருகின்றன. பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். அங்கே இரண்டு மீட்டர் அலைவரிசை 144 முதல் 146 வரைதான். மேல் பாதி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். சிற்றலை செட்களில் 10 வாட் மட்டுமே தரும் மாடல்கள் உண்டு. ஜப்பானில் கீழ்நிலை உரிமத்துக்கு அதுதான் உச்சவரம்பு என்பதால் அப்படிச் செய்தார்கள். வெளியே பார்த்தால் 100 வாட் செட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மின்சாரமும் அங்கே 100 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் 240. உள்ளேயே மின்மாற்றி உள்ள செட்டை நேராகச் செருகினால் புகைதான் வரும். சில செட்களில் 100, 220 என்று மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

வால்வு செட்களின் அழகும் ஆபத்தும்

1970களில் வந்த யாயெசு எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 ஆகியவற்றைப் பார்த்தாலே ஆசை வரும். பச்சை விளக்கு, கனமான சக்கரம், வால்வு சூடானதும் வரும் அந்த வாசனை. இவை பாதி டிரான்சிஸ்டர், பாதி வால்வு. கடைசிக் கட்டத்தில் சக்தி கொடுப்பது இரண்டு வால்வுகள்.

நானும் அப்படி ஓர் எஃப்டி-101 வாங்கி ஏமாந்தவன்தான். பழைய பொருள் விற்பவர் செருகிக் காட்டினார். விளக்கு எரிந்தது, ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்டது. பேரம் பேசி வாங்கி வந்தேன். வீட்டில் டம்மி லோடு மாட்டிப் பார்த்தால் சக்தி மீட்டரின் முள் அசையவில்லை. இரண்டு வால்வுகளும் செத்துக் கிடந்தன. அவற்றை வாங்கத் தபால் செலவோடு ஆன தொகை, செட்டுக்குக் கொடுத்ததை விட அதிகம்.

எஃப்டி-101இன் கடைசி வால்வு 6ஜேஎஸ்6சி. பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகச் செய்தது, உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. டிஎஸ்-520 அனுப்பும் கருவிகளுக்கென்றே செய்த 6146 வகை வால்வைப் பயன்படுத்துகிறது. அது இன்னும் ஓரளவு கிடைக்கும். இரண்டில் ஒன்று என்றால் டிஎஸ்-520 பக்கம் சாய்வேன்.

ஆபத்து என்றது உள்ளே இருக்கும் மின் அழுத்தத்தை. சுமார் 600 முதல் 800 வோல்ட் வரை இருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். கைப்பேசி திறந்து பழகிய தைரியத்தில் இதைத் திறக்கக் கூடாது. வால்வு செட் பழுது பார்த்து அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் இந்த வகையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் ஹேம்களுக்கு ஒதுக்கப்பட்டது 1979ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டில்தான். அதற்கு முந்திய செட்களில் பொதுவாக இவற்றில் பேச முடியாது.

1980களின் முழு டிரான்சிஸ்டர் செட்களுக்கும் தனித்தனி வியாதி உண்டு. கென்வுட் டிஎஸ்-440எஸ் செட்டில் எண்கள் மறைந்து திரையில் வெறும் புள்ளிகள் தெரிந்தால், உள்ளே ஒரு போர்டில் ஊற்றிய பசை காலப்போக்கில் கெட்டு, அலைவரிசை நிலைகொள்ளாமல் போய்விட்டது என்று பொருள். பசையைச் சுரண்டி எடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஐகாம் ஐசி-745, ஐசி-751 செட்களில் ஒரு சிறிய பேட்டரிதான் செட்டின் மூளையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அது தீர்ந்தால் செட் வேலை செய்யத் தேவையான தகவலே அழிந்துவிடும். விற்பவரிடம் பேட்டரி எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் விலையைக் குறையுங்கள்.

நம் ஊர் ஈரம்

ஜப்பானில் நாற்பது ஆண்டு நன்றாக இருந்த செட், நம் ஊரில் ஐந்து ஆண்டில் கெட்டுப் போகும். காற்றின் ஈரம்தான் காரணம். 1990களின் பிற்பகுதியில் வந்த பல எஃப்எம் செட்களுக்குள் சின்னச் சின்ன பீங்கான் ஃபில்டர்கள் உண்டு. ஆண்டுகள் போகப் போக, மின் அழுத்தமும் ஈரமும் சேர்ந்து உள்ளே வெள்ளிப் பூச்சு இடம் பெயர்ந்து கசிவு உண்டாகும். செட் காது கேளாததாகிவிடும். பக்கத்து வீதியில் பேசுபவர் தெளிவாகக் கேட்பார், தூரத்து ரிப்பீட்டர் கேட்காது, சடசடவென்று இரைச்சல் வரும். ஃபில்டர் விலை சொற்பம். அதைக் கழற்றிச் சோல்டர் செய்யத் தெரிந்த கைதான் கிடைப்பதில்லை.

தோட்டத்து வீட்டிலிருந்து வந்த செட் என்றால் மேல் மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். எறும்புக் கூடு, கரப்பான் எச்சம், பல்லி முட்டை எல்லாம் பார்த்தாயிற்று. தூசியைத் துடைத்துவிடலாம். போர்டின் செப்புக் கோடுகளில் பச்சை படிந்திருந்தால், கெப்பாசிட்டரின் அடியில் எண்ணெய் போலக் கசிந்திருந்தால், வெள்ளத் தண்ணீரின் சேற்றுக் கோடு தெரிந்தால் நடையைக் கட்டுங்கள்.

வாங்கும் இடத்திலேயே சோதனை

உரிமம் உள்ள ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். ஒலிபரப்பிச் சோதிக்க அவருக்குத்தான் அனுமதி. 50 ஓம் டம்மி லோடு, சக்தி மீட்டர், ஒரு கைக்கருவி, சிறு ஆண்டெனா ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திருகுகளைப் பாருங்கள். தலை தேய்ந்திருந்தால் பலர் திறந்து மூடியிருக்கிறார்கள். பிறகு மின்சாரம். பெரும்பாலான செட்களுக்கு 13.8 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். 50 வாட் கார் செட் பத்து, பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். 100 வாட் சிற்றலை செட் இருபது ஆம்பியர் வரை போகும். மடிக்கணினி சார்ஜரில் மாட்டிச் சோதிப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள். அதில் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

ஆண்டெனாவை மாட்டும்போது சிற்றலை செட்டில் இரைச்சல் சட்டென்று கூட வேண்டும். கூடவில்லையென்றால் வாங்கும் பகுதியில் கோளாறு. 10 மெகாஹெர்ட்ஸ் கேட்கும் செட் என்றால் ஒரு நல்ல சோதனை உண்டு. சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் கடிகாரம் போல டிக் டிக் என்று ஒலிபரப்புகிறது. எஸ்எஸ்பி முறையில் சரியாக 10.000இல் வையுங்கள். விசில் சத்தம் கேட்காமல் இருந்தால் செட்டின் அளவு சரி. விசில் கேட்டால் அந்த அளவுக்கு விலகியிருக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். சூடானதும் விலகுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து டம்மி லோடு மாட்டி அனுப்பிப் பார்க்க வேண்டும். 100 வாட் செட் 90 கொடுத்தால் சந்தோஷம். 30 கொடுத்தால் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் போய்க்கொண்டிருக்கிறது. பழைய மாடல் டிரான்சிஸ்டர்கள் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை. இணையத்தில் மலிவாக விற்பவற்றில் போலி அதிகம். இரண்டு மீட்டர் செட் என்றால் கைக்கருவியைச் சற்றுத் தூரத்தில் வைத்து, குரல் தெளிவாக வருகிறதா, ‘ஹம்’ என்ற இரைச்சல் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள்.

மைக் இல்லாத செட் என்றால் அதற்கான விலையைக் கழியுங்கள். பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் மைக் இன்னொரு நிறுவனத்தின் செட்டுக்குப் பொருந்தாது. உள்ளே வயர் வரிசை வேறு.

“எல்லா ஃப்ரீக்வென்சியும் ஓப்பன் பண்ணியாச்சு” என்று சிலர் பெருமையாக விற்பார்கள். ஹேம் எல்லைக்கு வெளியேயும் அனுப்பும்படி மாற்றப்பட்ட செட் என்று அதற்குப் பொருள். அது கூடுதல் வசதி அல்ல. தவறிப்போய் போலீஸ், விமானப் போக்குவரத்து போன்ற சேவைகளின் அலைவரிசையில் விசையை அழுத்திவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பழையபடி மாற்றித் தந்தால் வாங்குங்கள்.

சோதிக்கவே விடமாட்டேன் என்கிறவரிடம் உதிரிப் பாகத்தின் விலைதான் பேச வேண்டும்.

செட்டோடு செலவு முடிவதில்லை

மின்சாரப் பெட்டி, கேபிள், ஆண்டெனா, எஸ்டபிள்யூஆர் மீட்டர் என்று செட்டின் விலைக்குச் சமமாக இன்னொரு தொகை போகும். ஆண்டெனாவில் மட்டும் மிச்சம் பிடிக்கலாம். சிற்றலைக்கு வெறும் செப்புக் கம்பியே போதும். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர். தோட்டத்து வீட்டில் இரண்டு தென்னைக்கு இடையில் கட்டிவிடலாம். அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. அங்கே இரண்டு மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதன் கால் அலைக் கம்பி 49 சென்டிமீட்டர்தான்.

ஜொகூரின் மாலை நேர இடி மின்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேசி முடித்ததும் ஆண்டெனா கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடும் பழக்கம் வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பழைய செட் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் 2004ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண் ஹேம், ஒரு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து உலக ஹேம்களோடு பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்தது. வழக்கமான தொடர்புகள் அறுந்த நிலையில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகள்தான் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் இடையே செய்தி கொண்டு போயின. அங்கே தேவைப்பட்டது வேலை செய்யும் செட், அதை இயக்கத் தெரிந்த ஆள். செட்டின் வயதை யாரும் கேட்கவில்லை.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், மலேசிய அமெச்சூர் வானொலி ஒலிபரப்பாளர் சங்கமான மார்ட்ஸ், அல்லது உங்கள் வட்டார ஹேம் குழு உறுப்பினர் ஒருவரிடம் மாடல் பெயரைச் சொல்லி அபிப்பிராயம் கேளுங்கள். சங்கத்துக்காரர் கைமாற்றும் செட் சந்தை விலையை விடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். அடுத்த மாதம் கெட்டுப் போனாலும் அவரைத் தேடிப்போகலாம். பணம் கொடுக்கும்போது மாடல், வரிசை எண், விற்பவரின் பெயர், தேதி ஆகியவற்றைப் போட்டு ஒரு ரசீது எழுதி வாங்குங்கள். வரிசை எண் சுரண்டப்பட்ட செட்டை, என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொட வேண்டாம். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் போலீஸ் வந்து உங்களைத்தான் கேட்கும்.